பழைய பட்டாளத் துப்பாக்கியும் வீட்டில் அடைக்கும் தோட்டாவும்: டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரணில் கிடந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தவர்கள் ஒரு பக்கம். டெக்சாஸிலோ மெல்பர்னிலோ இருக்கும் மச்சான், கார் ஷெட்டில் உட்கார்ந்து தோட்டா அடைக்கும் வீடியோவைப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். என்னிடம் துப்பாக்கி பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சாரார்தான். பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவனாக இருந்தவன் நான். இப்போது கும்பகோணம் பக்கம் விவசாயம். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் சௌகரியம்.

வீட்டிலேயே தோட்டா அடைக்கிறார்களாமே, அது என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு உருப்படி உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் பொறி விடும் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், ப்ரைமர் செத்துவிடும். கூடு மட்டும் கையில் மிஞ்சும். நான்கில் பெரும்பாலும் விலை கூடியதும் அதுதான். அதைச் சுத்தம் செய்து, விரிந்துபோன கழுத்தை அச்சில் கொடுத்து இறுக்கி, செத்த ப்ரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தினால் மறுபடியும் தோட்டா.

மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை கிரெய்ன் வரும். அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று மேஜையில் இருக்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருந்துக் கம்பெனிகள் சோதனைக் குழலில் அழுத்தம் அளந்து புத்தகமாகவே போடுகின்றன. அந்த அளவில் குறைந்ததிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

கடையில் தோட்டா கிடைக்கும்போது எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

பழைய பட்டாளத் துப்பாக்கிக்குக் கடைத் தோட்டா எல்லா நேரமும் கிடைப்பதில்லை. கிடைத்தால் விலை எக்கச்சக்கம். அதைவிட முக்கியமான காரணம் குழல். யுத்த காலத்தில் அவசரத்துக்குச் செய்த துப்பாக்கிகளில் குழலின் உள்விட்டம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பிரிட்டிஷ் பட்டாளத்து ரைபிளுக்கு .303 என்று பெயர் இருந்தாலும் உள்ளே வெட்டிய வரியின் ஆழத்தோடு சேர்த்து அளந்தால் ஒன்றில் .311 அங்குலம் இருக்கும், தேய்ந்த இன்னொன்றில் .315 கூட இருக்கும். மிருதுவான ஈயக் குண்டு ஒன்றைக் குழலுக்குள் மெதுவாகத் தட்டி மறுமுனையில் வாங்கி, மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற குண்டை வாங்குவார்கள். நூறு வயதுக் கட்டைக்கு அதிர்ச்சி குறையட்டும் என்று கொஞ்சம் மிதமாகவும் அடைப்பார்கள். கடையில் வாங்குவது இப்படித் தைத்துக் கொடுத்ததாக இருக்காது.

சரி, இதை நம்ம ஊரில் செய்யலாமா?

கூடாது. இந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் இந்தப் பக்கத்தைத் திறந்திருப்பீர்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 3ஆவது பிரிவு, தோட்டாவோ துப்பாக்கியோ தயாரிப்பதற்கு 5ஆவது பிரிவு. இரண்டும் வேறு வேறு லைசென்ஸ். கையில் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதால் தோட்டா அடைக்கும் உரிமை வந்துவிடாது. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019இல் திருத்திய பிறகு, 7 வருஷத்துக்குக் குறையாத சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். "ஒண்ணு ரெண்டுதானே அடைச்சேன்" என்று சொல்லித் தப்ப முடியாது.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைக்க மத்திய அரசின் லைசென்ஸ் கேட்பதில்லை. அது அந்த ஊர்ச் சட்டம். வீடியோ மன்னார்குடியில் ஓடினாலும் சட்டம் கூடவே வராது.

மச்சான் ஊருக்கு வரும்போது அச்சும் பிரஸ்ஸும் மட்டும் கொண்டுவரட்டுமா? மருந்து எதுவும் வேண்டாம், சும்மா காட்சிக்கு.

வேண்டாம். நம் சட்டத்தில் தோட்டா என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்தால் ஆச்சரியப்படுவீர்கள். தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் கருவிகளும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வருகின்றன. அதாவது அந்த இரும்பு பிரஸ் கஸ்டம்ஸ் மேஜையில் தோட்டாவாகத்தான் நிற்கும். ஊர் வந்து திரும்புகிறவர்கள் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்பச் சொல்லுங்கள். சுடும் மைதானத்துக்கு எடுத்துப்போன பையின் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டா போதும், திருச்சி ஏர்போர்ட்டில் விமானம் போய்விடும், ஆள் நிற்பார். தெரியாமல் கிடந்தது என்று பிறகு கோர்ட்டில் நிரூபிக்கலாம்; அதுவரை அலைச்சல்.

எங்க தாத்தா வைத்திருந்தது த்ரீ நாட் த்ரீ. பட்டாளத்து ரைபிள்.

பத்துப் பேர் சொன்னால் ஒன்பது பேர் வீட்டில் இருப்பது .315. குறை சொல்லவில்லை, பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். மேற்கு வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி லீ-என்ஃபீல்டின், அதாவது .303 ரைபிளின், அடியொற்றித்தான் .315ஐச் செய்தது. தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் அதே போல்ட், அதே ஜாடை. உள்ளே போகும் தோட்டா மட்டும் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பட்டாளத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர். வெள்ளைக்காரன் காலத்திலேயே படை உபயோகிக்கும் தோட்டா சிவிலியன் துப்பாக்கியில் ஏறக்கூடாது என்பதில் கறாராக இருந்தார்கள். அந்தக் கொள்கை இன்றும் தொடர்கிறது. .303, 7.62 இரண்டும் தடை செய்யப்பட்ட போர், அதாவது குழல் அளவு (யுத்தம் இல்லை). ஊர்க்காரர்கள் பி.பி. என்பார்கள். அதற்கு மத்திய அரசு லைசென்ஸ் வேண்டும். சாதாரணமாகக் கலெக்டர் ஆபீஸில் கொடுப்பதில்லை. .315 என்.பி.பி., அதாவது தடையில்லாத வகை.

சந்தேகம் என்றால் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். லைசென்ஸ் புத்தகத்தை எடுங்கள். போர், நம்பர், தயாரிப்பு எல்லாம் அதில் எழுதியிருக்கும். புத்தகமே இல்லை என்றால் உங்கள் கேள்வி போர் பற்றியது இல்லை, வக்கீல் பற்றியது.

மச்சானிடம் நிஜமான .303 இருக்கிறது. அதற்குத் தோட்டா அடைப்பதில் என்ன சூட்சுமம்?

எனக்குப் பிடித்த கேள்வி. .303 தோட்டா 1888இல் வந்தபோது உள்ளே கரிமருந்து. சில வருஷத்தில் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. 1910இல் கூர்மூக்குக் குண்டோடு மார்க் 7 வந்தது: 174 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 2,440 அடி வேகம். பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு இரண்டு உலக யுத்தமும் அதில்தான் நடந்தது.

கூட்டின் அடியில் விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் தடுத்து நிறுத்துகிறது, தோள் (கழுத்துக்குக் கீழே கூடு சரியும் இடம்) இல்லை. ட்ரெஞ்சுச் (பதுங்குகுழிச்) சேறு ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்று அறையைத் தாராளமாக வெட்டிவிட்டார்கள். அதனால் சுடும்போது கூடு முன்பக்கம் ஊதி விரிகிறது. போல்டைப் பூட்டும் காதுகளும் பின்பக்கம் இருப்பதால் அழுத்தத்தில் கொஞ்சம் அமுங்கி வளையும். இரண்டும் சேர்ந்து கூட்டை இழுத்து நீட்டும். சுட்ட கூட்டை அச்சில் முழுசாக இறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், மறுபடி சுடும்போது மறுபடி நீளும். இப்படிச் சில தடவை போனால் அடிக்கு மேலே அரை அங்குலத்துக்குள் பித்தளை மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாகக் கழன்றுவிடும். வெப்பக் காற்று சுடுபவர் முகத்தை நோக்கி வரும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் எச்சரிக்கை. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டுச் சுவரோடு இழுத்துப் பார்ப்பார்கள். பள்ளம் ஒன்றில் நுனி தட்டி நிற்கும். நின்றால் அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிட வேண்டும். அனுபவசாலிகள் கூட்டை முழுசாக இறுக்குவதே இல்லை. கழுத்தை மட்டும் இறுக்குவார்கள். உடம்பு அந்த அறைக்கேற்ப விரிந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்த கூடு அதே துப்பாக்கிக்கு மட்டும்தான் ஆகும். லீ-என்ஃபீல்டில் பிந்தைய வகையான நம்பர் 4 ரைபிளில் போல்ட் தலை 0 முதல் 3 வரை நீளம் மாறி வரும், அதை மாற்றி இடைவெளியைக் குறைக்கலாம். பழைய நம்பர் 1இல் அந்த வசதி இல்லை.

இன்னொன்று: நம் கிர்க்கி ஃபேக்டரியின் (புனே பக்கத்துக் கட்கி) பழைய கூடுகளில் பெர்டான் ப்ரைமர். நடுவில் ஓட்டை இல்லாமல் ஓரத்தில் இரண்டு பொடி ஓட்டை இருக்கும். அமெரிக்க அச்சில் மாட்டி அழுத்தினால் ஊசி முறியும். அடியில் கே.எஃப். என்று குத்தியிருந்தால் மச்சானை அச்சுப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேறு பழைய ரைபிள்களில் கவனிக்க வேண்டியது?

சுருக்கமாக. ஜெர்மன் 8 மில்லிமீட்டரில் இரண்டு குண்டு உண்டு, .318, .323. பழைய 1888 ரைபிளில் பெரிய குண்டைத் திணித்தால் அழுத்தம் எகிறும். அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு 1903இல், ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி செய்தவற்றில் 8,00,000க்குக் கீழே நம்பர் இருந்தால் இரும்பைச் சூடுபடுத்தியதில் கோளாறு; சுடாமல் வைத்திருப்பது நல்லது என்பதே பொதுக் கருத்து. அமெரிக்கக் காரண்ட் ரைபிளில் மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால் போல்டை இயக்கும் தண்டு வளையும். 1960களில் இஷாப்பூரில் 7.62க்காகச் செய்த 2ஏ, 2ஏ1 ரைபிள்கள் அமெரிக்காவுக்குச் சர்ப்ளஸாகப் போய் நல்ல பேர் வாங்கியிருக்கின்றன. மச்சான் கையில் இருப்பது வங்காளத்து இரும்பாகவும் இருக்கலாம்.

டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டா பத்துப் பதினைந்து கிடக்கிறது. இன்னும் வெடிக்குமா?

வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம், அரை வெடியாகவும் போகலாம். மூன்றாவதுதான் மோசம். குண்டு குழல் நடுவிலேயே நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

பழைய .303இன் மருந்து கார்டைட். நைட்ரோகிளிசரினும் பஞ்சு மருந்தும் சேர்த்துப் பிசைந்து, சேமியா மாதிரி நீளநீளமாகப் பிழிந்தது. அந்த இழைகளைக் கட்டாகக் கூட்டுக்குள் செருகிய பிறகுதான் கழுத்தையே ஒடுக்குவார்கள். நம் நீலகிரி அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி 1903ஆம் வருஷத்துக் காலத்தில் இதற்கென்றே வந்தது. இந்த வகை மருந்து வயதாக ஆகத் தானாகவே சிதைந்து அமிலம் விடும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே பரண் எப்படிக் கொதிக்கும், ஐப்பசி மழையில் எப்படி ஈரம் கோக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பித்தளைக்கு வேறு ஒரு நோய். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைத்தபோது கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. மழையால் வந்தது என்று முதலில் நினைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாதான் காரணம் என்று பிறகு, 1921இல், விளக்கினார்கள். அழுத்தி வடிவம் கொடுத்த பித்தளையை அமோனியா பிளந்துவிடும். நம் பக்கத்து வீடுகளில் தோட்டாப் பெட்டி எங்கே இருக்கும்? மாட்டுக்கொட்டகைப் பரணில், இல்லாவிட்டால் யூரியா மூட்டை அடுக்கிய அறையில் பத்தாயத்துக்குப் பக்கத்தில். இரண்டு இடத்திலும் அமோனியாவுக்குப் பஞ்சமில்லை. கழுத்தில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பச்சை பூத்திருந்தால் மட்டும் தெரியும்.

அதை என்ன செய்வது? ஆற்றில் போட்டுவிடலாமா?

அரசலாறும் வெண்ணாறும் கோடையில் வற்றும், பிள்ளைகள் மணலில் விளையாடும். ஆற்றிலோ கிணற்றிலோ போடாதீர்கள், குப்பையோடு கொளுத்தாதீர்கள், பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுக்காதீர்கள். குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். முதலில் வக்கீலிடம் சொல்லுங்கள். பிறகு ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, இன்னாருடைய பெட்டியில் இன்ன தேதியில் கண்டெடுத்தது என்று எழுதி, ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் கிளம்ப வேண்டாம். எடுத்துப் போவதும் வைத்திருப்பதுதான்.

திருவிழா வெடிக்காரரிடம் மருந்து வாங்கி அடைத்தால்?

செத்துப்போவீர்கள். வாணவெடி மருந்து ஒரே நொடியில் முழுசாக வெடிக்கச் செய்தது. ரைபிள் மருந்து குண்டைத் தள்ளிக்கொண்டே படிப்படியாக எரியச் செய்தது. .303 அறைக்குச் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டுதான் எல்லை.

எங்களிடம் இருப்பது இரட்டைக்குழல் பன்னிரண்டு போர். அதற்கும் இதே கதைதானா?

அடைக்கக்கூடாது என்பது அதற்கும்தான். கடைத் தோட்டா வாங்குவதிலும் இரண்டு விஷயம் பாருங்கள். பழைய துப்பாக்கிகளின் அறை 65 மில்லிமீட்டர் நீளம். இப்போது 70ம் கிடைக்கிறது. 70ஐ 65இல் போட்டால் உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் மேல் அலை அலையாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல், இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்தது. இப்போதைய மருந்தை அது தாங்காது. (பற்றவைத்த இரும்பின் பெருமை பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் நாயக்கர் காலத்துப் பீரங்கி இருக்கிறது. போய்ப் பாருங்கள், சுட ஆசைப்படாதீர்கள்.) காகிதத் தோட்டா நம் ஈரத்தில் ஊதிப்போய் அறைக்குள் இறங்காது. தட்டி இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்கமாட்டேன்.

லைசென்ஸ் அப்பா பேரில் இருந்தது. அப்பா போய் ஆறு மாசம் ஆகிறது. துப்பாக்கி பீரோவில்தான் இருக்கிறது.

இன்றைக்கே கவனியுங்கள். லைசென்ஸ்தாரர் போனதும் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதற்குச் சட்டப்படி ஆதாரம் இல்லை. 21ஆவது பிரிவுப்படி ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதற்கு இப்போது 2 முதல் 5 வருஷம். ஒப்படைத்த பிறகு வாரிசு என்ற முறையில் கலெக்டரிடம் உங்கள் பேரில் மனுப் போடலாம். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் இதற்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. வாரிசுச் சான்று வேண்டும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கையெழுத்து வேண்டும். பாகம் பிரிப்பதில் மனஸ்தாபம் உள்ள வீடுகளில் அந்தக் கையெழுத்துதான் கிடைக்காது. அப்பா இருக்கும்போதே செய்வது உத்தமம்: அவருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ அவரே வாரிசுக்கு மாற்றித் தர விதி இடம் கொடுக்கிறது. ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் இப்போது கூடாது; 2019க்கு முன் மூன்று.

பன்றி நெல்லை நாசம் செய்கிறது. கொக்கு, நாரை...

பன்றிக்கு வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். பறவையைச் சுடுவது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறவை சரணாலயங்களான வடுவூரும் கோடியக்கரையும் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதைக் கேட்கவே கூடாது.

தாத்தா துப்பாக்கியை அமெரிக்காவுக்கு எடுத்துப்போகலாமா?

ஏற்றுமதிக்குத் தனி அனுமதி வேண்டும். நூறு வயது தாண்டியிருந்தால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரலாம், அப்புறம் தனி ஆள் வெளியே கொண்டுபோக முடியாது. மறந்துவிடுங்கள்.

லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. துரு மட்டும் விடமாட்டேன் என்கிறது.

பழைய தோட்டாவின் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது உப்பாகிக் குழலில் படியும். வேதாரண்யத்து உப்புக்கு இது ஒன்றுவிட்ட தம்பி; காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் துரு கட்டிவிடும். எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்தால் உப்பு எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். உப்பு தண்ணீரில்தான் கரையும். பட்டாளத்தில் கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுவோம். குழல் சூடாகித் தானே காய்ந்துவிடும், அப்புறம் துணி, அப்புறம் எண்ணெய். இப்போதைய கடைத் தோட்டாவில் பெரும்பாலும் இந்த உப்பு இல்லை, என்றாலும் சுட்ட அன்றே துடைப்பதை விடாதீர்கள்.

தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டுள்ள இரும்பு பீரோ, உள்ளே சிலிக்கா ஜெல், மழைக்காலத்தில் மாசம் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தால் போதும். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் நன்றாக எண்ணெய் பூசிக் கொடுங்கள். அங்கே யாரும் துடைத்து வைக்கமாட்டார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும், எனக்குக் குறி பார்த்துச் சுடத்தான் ஆசை. என்ன வழி?

20 ஜூலுக்கு மேல் சக்தி போகாத .177 ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் இடம் போதும், பின்னால் ஒரு மண்சுவர் இருந்தால் நல்லது. தோட்டா அடைப்பவர்களின் பொடிவேலை ஆசையும் இதில் தீரும். குண்டுகளைத் தராசில் நிறுத்து எடை வாரியாகப் பிரிக்கலாம். தலைவிட்டம் 4.50, 4.51, 4.52 என்று வாங்கி எது உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்க்கலாம். அதற்கு மேலே போக வேண்டுமானால் மாவட்ட ரைபிள் கிளப்பில் சேருங்கள். அங்கே சேர ஆதார் கார்டு, போட்டோ, போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். மச்சானுடைய வீடியோ கேட்கமாட்டார்கள்.